பரிமாணம் புரிய வேண்டுமா? எதை முதலில் படிப்பது, என்ன செலவு, எத்தனை வாரம்

பரிமாணம் பற்றிப் படிக்க இணையத்தில் சரக்குக்குக் குறைவில்லை. வரிசைதான் இல்லை. ஒரு காணொளி பத்துப் பரிமாணம் என்று தொடங்குகிறது, அடுத்தது காலமே பொய் என்கிறது, மூன்றாவது சுழலும் கனசதுரத்தைக் காட்டிவிட்டு முடிந்துவிடுகிறது. எதை முதலில் எடுப்பது என்று சொல்ல ஆளில்லாமல் நான் நெடுநாள் அல்லாடினேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்புக் கணக்கு நினைவிருந்தால் போதும்: பிதாகரஸ் தேற்றம், வர்க்கமூலம், வரைபடத்தாளில் புள்ளி குறிப்பது. ஆங்கிலத்தை மெல்லவாவது படிக்கத் தெரிய வேண்டும், ஏனென்றால் முக்கியமான மூன்று நான்கு பகுதிகள் அதில்தான் இருக்கின்றன. வாரம் ஐந்தாறு மணி நேரம் ஒதுக்கினால் பத்து வாரத்தில் முடியும்.

1. காகிதங்களை முதலில் சேர்த்துவிடுங்கள்

தேவையானவை ஐந்து. தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதி, தமிழ் வழி. அதில் முதல் பாடம் மட்டும். இயற்பியலர் ஃபெய்ன்மனின் விரிவுரைகள் முதல் தொகுதியின் 17ஆம் அத்தியாயம். அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத் தளத்தில் மூன்று தொகுதிகளும் இலவசமாக உள்ளன. ஐன்ஸ்டீன் பொது வாசகருக்காக எழுதிய சார்பியல் நூலின் 1920ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு; அதிலும் 17ஆம் அத்தியாயம்தான், மூன்று பக்கம்கூட வராது. ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டின் 'புரோலெகோமெனா' என்ற நூலில் 13ஆம் பிரிவு. கடைசியாக, காலம் உண்மையல்ல என்று வாதிடும் தத்துவவாதி மெக்டாகர்ட்டின் 1908ஆம் ஆண்டுக் கட்டுரை, பதினெட்டுப் பக்கம். பின்னுள்ள மூன்றும் பழையவை என்பதால் இலவசமாகவே கிடைக்கின்றன. புதிய பதிப்பு வாங்க ஐந்நூறு, அறுநூறு என்று கொடுக்க வேண்டியதில்லை.

பாடநூலையும் ஃபெய்ன்மனையும் போனிலேயே படித்துக்கொள்ளலாம். ஐன்ஸ்டீன், காண்ட், மெக்டாகர்ட் மூன்றையும் அச்செடுத்துவிடுங்கள், ஓரத்தில் குறிப்பெழுத வேண்டியிருக்கும். மொத்தம் நாற்பது பக்கத்துக்குள்தான். பக்கம் இரண்டு ரூபாய் என்றாலும் ஜெராக்ஸ் கடையில் நூறு ரூபாய்க்குள் வேலை முடியும். இவற்றோடு ஒரு கிராஃப் நோட்டு, கத்தரிக்கோல், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்று, நூல், கட்டித் தொங்கவிட ஓர் இரும்பு நட்டு. வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற இடங்கள் இருக்கின்றன.

பணம் போகும் இடம் ஒன்று உண்டு, எச்சரிக்கிறேன். 'ஐந்தாம் பரிமாணத்துக்கு உயர்த்துகிறோம்' என்று கட்டணம் கேட்கும் வகுப்புகளுக்கும் இயற்பியலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பரிமாணம் என்பது போய்ச் சேரும் இடம் அல்ல. பொருட்காட்சியில் '7டி ஷோ' என்று போர்டு வைத்திருப்பதும் நாற்காலி ஆடுவதையும் தண்ணீர் தெளிப்பதையும் சேர்த்து எண்ணிய கணக்குதான். நான் பணம் கட்டிச் சேர்ந்த ஓர் இணைய வகுப்பு இயற்பியல் வகுப்புதான்; ஆனால் ஒரு மாதம் முழுக்க அனிமேஷன் காட்டினார்களே தவிர ஒரு கணக்குகூடப் போட வைக்கவில்லை. சேரும் முன் 'வீட்டுக் கணக்கு கொடுப்பீர்களா?' என்று கேளுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

2. எண்ணிப் பழகுங்கள் (ஒரு வாரம்)

ஒன்றின் நிலையைச் சந்தேகமில்லாமல் சொல்ல எத்தனை எண் வேண்டுமோ, அத்தனை பரிமாணம். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும். நெடுஞ்சாலையில் பஸ் எங்கே நிற்கிறது என்று சொல்ல ஒரு கிலோமீட்டர் கல் போதும். கடலில் படகு என்றால் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு. விமானத்துக்கு உயரமும் சேர்த்து மூன்று. ஒருவரைச் சந்திக்க வேண்டுமானால் எத்தனை மணிக்கு என்பதும் வேண்டும், நான்கு.

இந்த நான்கை உங்கள் போன் தினமும் கணக்கிடுகிறது. ஜிபிஎஸ் இடத்தைச் சொல்லக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை தேவை. இடத்துக்கு மூன்று எண். போனில் இருக்கும் கடிகாரம் மலிவானது, அது எவ்வளவு தப்பாக ஓடுகிறது என்பது நான்காவது எண். நான்கு தெரியாத எண்களுக்கு நான்கு சமன்பாடு. கடிகாரம் ஒரு மைக்ரோநொடி பிசகினால் இடம் 300 மீட்டர் தள்ளிப்போகும், ஏனென்றால் அந்த நேரத்தில் ஒளி போகும் தூரம் அது.

இந்த வாரம் செய்ய வேண்டியது, உங்களைச் சுற்றியுள்ள பத்துப் பொருள்களுக்கு எண்ணிக்கை எழுதுவது. கதவுக்கு ஒன்று: திறந்திருக்கும் கோணம். டிவி திரையில் ஒரு புள்ளியின் நிறத்துக்கு மூன்று: சிவப்பு, பச்சை, நீலம். ஆறு மூட்டுள்ள தொழிற்சாலை ரோபோ கைக்கு ஆறு. ஆறு பரிமாணம் என்பதில் மர்மம் ஏதுமில்லை என்று அப்போது தெரியும்.

இங்கே எல்லோரும் மாட்டும் பொறி: ஒன்றிலிருந்து ஒன்றைக் கணக்கிட முடிகிற எண்களைத் தனித்தனியாக எண்ணுவது. செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் இரண்டு எண்தான், ஆனால் பரிமாணம் ஒன்றே.

3. பாடநூலில் வரும் பரிமாணம் வேறு (மூன்று நான்கு நாள்)

பதினோராம் வகுப்பு முதல் பாடத்தில் பரிமாணப் பகுப்பாய்வு வரும். அது நிறை, நீளம், காலம் ஆகியவற்றால் ஓர் அளவு எப்படி ஆகியிருக்கிறது என்று பார்ப்பது. வேகம் என்றால் நீளத்தைக் காலத்தால் வகுத்தது, அவ்வளவுதான். நாம் இருக்கும் வெளிக்கு (space) எத்தனை திசை என்ற கேள்வி இதில் இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு 'மூன்று அடிப்படை அளவு என்பதால்தான் முப்பரிமாண உலகம்' என்று விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள், நம்பாதீர்கள்.

ஆனாலும் இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், பின்னால் கைகொடுக்கும். நூலில் நட்டைக் கட்டி ஊசல் செய்யுங்கள். நீளம், புவியீர்ப்பு முடுக்கம் இரண்டையும் கொண்டு காலம் என்ற அளவு வர வேண்டுமானால், நீளத்தை முடுக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுப்பதைத் தவிர வழியே இல்லை. நட்டின் எடை உள்ளே வரவே முடியாது. சரிபாருங்கள்: 1 மீட்டர் ஊசல் ஒருமுறை போய்வர சுமார் 2 நொடி, 25 செ.மீ. ஊசலுக்கு சுமார் 1 நொடி. நீளத்தைக் கால்வாசி ஆக்கினால் காலம் பாதிதான் ஆகிறது. வாய்பாட்டின் முன்னால் நிற்கும் 2π என்ற எண்ணை மட்டும் இந்த முறை தராது.

நூலின் நீளத்தை நட்டின் நடுவரை அளக்க வேண்டும். முடிச்சோடு நிறுத்தினால் கணக்கு இடிக்கும்.

4. நான்காவது திசையை நிழலால் பிடிப்பது (இரண்டு வாரம்)

முதலில் அட்டையில் 'ட' எழுத்தை வெட்டுங்கள். அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் வெட்டுங்கள். மேஜைமேல் வைத்து நகர்த்தியும் திருப்பியும் ஒன்றை மற்றதன்மேல் பொருத்தப் பாருங்கள். மேஜையை விட்டுத் தூக்காமல் எவ்வளவு சுற்றினாலும் பொருந்தாது. தூக்கிக் குப்புறப் போட்டால் உடனே பொருந்தும். இருபரிமாணத்தில் நடக்காத காரியம் மூன்றாவது திசை கிடைத்ததும் நடக்கிறது. ஒன்று கவனிக்க: கிடைக்கோட்டை நீளமாகவும் நிமிர்ந்த கோட்டைக் குட்டையாகவும் வெட்டுங்கள். இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் தூக்காமலேயே பொருந்திவிடும், சோதனை வீண்.

இப்போது உங்கள் இரண்டு கைகளையும் பாருங்கள். இடது கையுறை வலது கைக்குச் சேராது. வெளிக்கு நான்காவது திசை ஒன்று இருந்திருந்தால் அதை உள்வெளியாகப் பிரட்டாமலே சேர்த்துவிடலாம். இந்த அட்டைகளைப் பத்திரமாக வையுங்கள், 7ஆம் படியில் காண்ட்டுக்குத் தேவைப்படும்.

அடுத்து நான்கு பரிமாணக் கனசதுரம். அதை மனக்கண்ணில் பார்க்க முயலாதீர்கள், யாராலும் அப்படி நேரடியாகப் பார்க்க முடிவதில்லை. எண்ணுங்கள். சதுரத்துக்கு 4 முனை, 4 விளிம்பு. அதை நகர்த்தினால் கனசதுரம்: பழைய இடத்தில் 4, புதிய இடத்தில் 4, ஆக 8 முனை. விளிம்பு இரண்டு நான்கு எட்டு, ஒவ்வொரு முனையும் நகர்ந்த தடம் 4, ஆக 12. அதே விதியை மறுபடி போடுங்கள். முனை 16. விளிம்பு 12-ஐ இரட்டித்து 8-ஐக் கூட்ட 32. சதுர முகம் 6-ஐ இரட்டித்து 12-ஐக் கூட்ட 24. எல்லையாக நிற்கும் கனசதுரங்கள் 1-ஐ இரட்டித்து 6-ஐக் கூட்ட 8. இந்த அட்டவணையை நீங்களே ஐந்தாம் பரிமாணம் வரை நீட்டுங்கள்: முனை 32, விளிம்பு 80 வந்தால் சரி.

ஒரு கனசதுரத்துக்குள் இன்னொரு கனசதுரமாக எல்லா இடத்திலும் வரைந்து காட்டுகிறார்களே, அது நிழல். உள்ளே இருப்பது சிறியதாகத் தெரிவது நிழல் விழுந்த விதம், உண்மையில் எட்டும் ஒரே அளவு.

5. கழித்தல் குறி (மூன்று வாரம்)

மொத்தத்திலும் கனமான படி இதுதான். அவசரப்பட வேண்டாம். 'காலம் நான்காவது பரிமாணம்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது வெறுமனே இன்னொரு திசை என்று நினைத்துவிட்டால் இதற்குமேல் படிப்பதெல்லாம் கோணலாகப் போகும்.

வெளியில் இரண்டு புள்ளிக்கு இடையிலான தூரத்துக்கு பிதாகரஸ்: வர்க்கங்களைக் கூட்டு, மூலம் எடு. காலத்தையும் வெளியையும் சேர்த்து ஒன்றாகக் கணித அறிஞர் மின்கோவ்ஸ்கி சொன்ன கால-வெளியில் கூட்டலுக்குப் பதிலாகக் கழித்தல் வருகிறது. ஒளி அந்த நேரத்தில் போகும் தூரத்தின் வர்க்கத்திலிருந்து, இடத்தில் நகர்ந்த தூரத்தின் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும்.

கையால் ஒரு கணக்கு போடுங்கள். ஒரு கப்பல் ஒளி வேகத்தில் 60 சதவீதத்தில் போகிறது. பூமிக் கணக்கில் 5 ஆண்டு ஓடி 3 ஒளியாண்டு கடக்கிறது. ஒளி அந்த நேரத்தில் 5 ஒளியாண்டு போகும். 25-இலிருந்து 9 போனால் 16. மூலம் 4. கப்பலில் இருக்கும் கடிகாரம் 4 ஆண்டுதான் காட்டும். அதே வேகத்தில் திரும்பி வந்தால் பூமியில் 10 ஆண்டு, கப்பலில் 8. கிராஃப் நோட்டில் வரைந்து பாருங்கள்: காலத்தை மேல்நோக்கியும் தூரத்தைப் பக்கவாட்டிலும் வையுங்கள். நோட்டில் வளைந்து போன கப்பலின் கோடுதான் நீளம், ஆனால் அதில் கழிந்த காலம் குறைவு. கண் ஒன்று சொல்லும், கழித்தல் குறி வேறொன்று சொல்லும். குறியை நம்புங்கள். ஒரு வாரம் முழுக்க எண்களை மாற்றி மாற்றி இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருங்கள். 80 சதவீத வேகமும் முழு எண்ணாக வரும்.

இது வெறும் காகிதக் கணக்கா என்ற சந்தேகம் வரும். மேல் வளிமண்டலத்தில், சுமார் 15 கி.மீ. உயரத்தில், மியூவான் துகள்கள் உண்டாகின்றன. அவற்றின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோநொடி. ஒளி வேகத்திலேயே வந்தாலும் அதற்குள் 660 மீட்டர்தான் வர முடியும். ஆனால் தரை வரை வந்து சேர்கின்றன, காரணம் அவற்றின் கடிகாரம் மெல்ல ஓடுகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் கடிகாரத்திலும் வேகத்தால் நாளுக்கு 7 மைக்ரோநொடி குறைகிறது, ஈர்ப்பு குறைவதால் 45 கூடுகிறது, நிகரமாக 38 முந்துகிறது. திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பிழை சேரும்.

கழித்த பிறகு மிஞ்சுவது நேர் எண்ணா, பூச்சியமா, எதிர் எண்ணா என்று பார்க்கப் பழகுங்கள். நேர் எண் என்றால் முந்தைய நிகழ்ச்சி பிந்தையதைப் பாதிக்க முடியும். பூச்சியம் என்றால் ஒளி மட்டும் தொட முடியும். எதிர் எண் என்றால் எது முன், எது பின் என்பதே பார்ப்பவரைப் பொறுத்து மாறும். சூரிய ஒளி நம்மிடம் வர 8 நிமிடம் 20 நொடி ஆகிறது. இந்த நொடிக்கு முன்னும் பின்னும் அந்த 8 நிமிடத்துக்குள் சூரியனில் நடக்கும் எதுவும் உங்கள் இந்த நொடிக்குக் காரணமும் ஆகாது, விளைவும் ஆகாது.

இப்போது ஐன்ஸ்டீனின் மூன்று பக்கத்தையும் ஃபெய்ன்மனின் அத்தியாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டும் முரண்படுவதுபோலத் தெரியும். ஐன்ஸ்டீன் அங்கே காலத்தை மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கி எழுதுகிறார். வர்க்கம் எடுக்கும்போது கழித்தல் குறி தானாக வந்துவிடும், வாய்பாடு பிதாகரஸ் போலவே தோன்றும். ஃபெய்ன்மன் குறியை வெளிப்படையாகவே வைக்கிறார். ஆனால் நடுவில் ஒளி வேகத்தை 1 என்று வைத்துவிடுகிறார், அந்த வரியைத் தவறவிட்டால் பிறகு ஒன்றும் விளங்காது. நான் இன்றைக்கு யாருக்காவது சொல்லிக்கொடுத்தால் ஃபெய்ன்மன் முறையில்தான் தொடங்குவேன். கற்பனை எண்ணைக் கொண்டு குறியை ஒளித்துவைத்தால், காலம் ஏன் மற்ற மூன்றிலிருந்து வேறுபடுகிறது என்ற முக்கியமான விஷயமே கண்ணில் படாமல் போகிறது.

6. பத்து, பதினொன்று என்பதெல்லாம் (ஒரு வாரம்)

இங்கே தங்கிவிடாதீர்கள். கலூசா என்ற ஆய்வாளர் 1921-இல் ஐந்தாவது பரிமாணம் ஒன்றைச் சேர்த்தால் ஈர்ப்பும் மின்காந்தமும் ஒரே சமன்பாட்டில் அடங்கும் என்று காட்டினார். அது ஏன் நமக்குத் தெரிவதில்லை என்பதற்கு, மிகச் சிறிதாகச் சுருண்டிருக்கிறது என்று இயற்பியலர் கிளைன் 1926-இல் விளக்கம் தந்தார். துகள்களை அதிரும் நுண்ணிய சரங்களாகக் கொள்ளும் சரம் கோட்பாட்டின் 10, அதை விரித்த எம் கோட்பாட்டின் 11 எல்லாம் இந்த வழியில் வந்தவை. இன்றுவரை எந்தச் சோதனையிலும் கூடுதல் பரிமாணம் தென்பட்டதில்லை.

சோதிக்கும் வழி மட்டும் அழகானது, அதைப் புரிந்துகொள்ளுங்கள். மூன்று திசையுள்ள வெளியில் ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும், ஏனென்றால் கோளத்தின் பரப்பு அப்படிக் கூடுகிறது. நான்கு திசை இருந்தால் தூரத்தின் கனத்துக்கு (மூன்றாம் அடுக்குக்கு) எதிர்விகிதம். ஆகவே மிகச் சிறிய தூரத்தில் ஈர்ப்பை அளந்து, வர்க்க விதி பிசகுகிறதா என்று பார்த்தால் போதும். வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு, மெல்லிய கம்பி முறுகுவதை வைத்து நுண்ணிய விசையை அளக்கும் முறுக்குத் தராசு கொண்டு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு வரை இறங்கி அளந்திருக்கிறது. விதி பிசகவில்லை. இயற்பியலர் எரன்ஃபெஸ்ட் 1917-இல் இன்னொரு பக்கமிருந்து வந்தார்: மூன்றுக்கு மேல் திசை இருந்தால் கிரகங்களின் பாதை நிலைக்காது, லேசாக இடறினாலும் சூரியனில் விழும் அல்லது விலகி ஓடிவிடும்.

7. தத்துவம் (இரண்டு வாரம்)

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. 5ஆம் படிக் கணக்கு கையில் இல்லாமல் இங்கே வந்தால் எல்லா வாதமும் சரியாகவே தோன்றும். அதேபோல் கணக்கோடு நிறுத்திக்கொள்வதும் சரியில்லை. பரிமாணங்கள் உலகில் இருக்கின்றனவா, நம் அறியும் முறையில் இருக்கின்றனவா என்ற கேள்விக்குச் சமன்பாடு பதில் தராது.

முதல் வாரம் காண்ட். 'ட' அட்டைகளை எடுத்துவைத்துக்கொண்டு 13ஆம் பிரிவைப் படியுங்கள். இடது கையும் வலது கையும் உறுப்புக்கு உறுப்பு ஒத்தவை, அளவுகள் ஒன்றே, ஆனாலும் ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடியாது. ஆகவே அந்த வேறுபாடு பொருளுக்குள் இல்லை, முழு வெளியோடு உள்ள உறவில் இருக்கிறது. வெளி என்பது நம் புலனறிவின் வடிவம் என்று கொண்டு போகிறார். மேஜைமேல் பொருந்தாத அட்டை தூக்கியதும் பொருந்தியதை நினைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு பொருளுக்குள் இல்லை என்ற பாதியை உங்கள் அட்டை ஆதரிக்கிறது, ஏனென்றால் அது வெளிக்கு எத்தனை திசை என்பதைப் பொறுத்தே நிற்கிறது. வெளி நம் மனத்தின் வடிவம் என்ற மறுபாதிக்கு அட்டை சாட்சி சொல்லாது. என் தீர்ப்பு இதுதான். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம்.

இரண்டாம் வாரம் காலம். மெக்டாகர்ட் காலத்தை இரண்டு வரிசையாகப் பிரிக்கிறார்: கடந்தது, நிகழ்வது, வரப்போவது என்பது ஒன்று, இதற்கு முன், இதற்குப் பின் என்பது மற்றொன்று. முதல் வாசிப்பில் இவற்றைப் பிரித்தறிந்தால் போதும், கடைசிப் பக்கங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிறகு இந்தக் கணக்கைப் போடுங்கள். ஆண்ட்ரொமீடா என்ற விண்மீன் மண்டலம் 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. தெருவில் ஒருவர் நிற்கிறார், ஒருவர் அந்தத் திசையில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடக்கிறார். இருவருக்கும் அங்கே 'இப்போது' என்பது சுமார் நான்கு நாள் வேறுபடும். அப்படியானால் நிகழ்காலம் மட்டுமே இருக்கிறது என்கிறவர் யாருடைய நிகழ்காலத்தைச் சொல்கிறார்? தத்துவவாதி ஹிலரி பட்னம் 1967-இல் இந்த வழியில்தான் வாதிட்டு, எதிர்காலமும் ஏற்கெனவே இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்.

இந்த இடத்தில்தான் பெரிய பொறி. 'எல்லாக் காலமும் ஒருசேர இருக்கிறது என்று இயற்பியல் நிரூபித்துவிட்டது' என்று எழுதிவிடாதீர்கள். அந்த நான்கு நாள் முழுக்க 5ஆம் படியில் எதிர் எண் வரும் பகுதிக்குள் கிடக்கிறது. அங்கே நடப்பது தெருவில் நிற்பவரையும் தொடாது, நடப்பவரையும் தொடாது. தொடர்பே இல்லாத நிகழ்ச்சிகளுக்கு 'இப்போது' என்று பெயர் வைப்பது வசதிக்கான ஏற்பாடு என்று சொல்லி நிகழ்காலக் கட்சிக்காரர் தப்பிக்க இடமிருக்கிறது. எனக்கு அந்தப் பதில் பட்னத்தின் வாதத்தைவிட வலுவாகத் தெரிகிறது.

கடைசி இரண்டு நாள் உங்கள் நிலையை இரண்டு பக்கம் எழுதுங்கள். எழுதியதை ஒரு தடவை இப்படிச் சோதியுங்கள்: பரிமாணம் என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் நீங்கள் சொல்வது எண்ணிக்கையா, திசையா, நிறை-நீளம்-காலம் என்ற பகுப்பா என்று ஓரத்தில் குறியுங்கள். குறிக்க முடியாத வரியை அடித்துவிடுங்கள்.

மேலே போக விரும்பினால் அடுத்தது வளைந்த வெளி. ஃபெய்ன்மன் இரண்டாம் தொகுதியின் 42ஆம் அத்தியாயம், அதே தளத்தில் இலவசம். அதற்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். ஒரு பழைய பந்தும் அதன்மேல் முக்கோணம் வரைய ஸ்கெட்ச் பேனாவும் இருந்தால் போதும்.